ஒட்டுப் போட்ட இடம் அறுந்துபோகவில்லை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்தாறு மாதம் இருக்கும். விமானப்படையில் விமானியாக இருந்த என் கணவர் லீவில் அம்பாசமுத்திரத்துக்கு வந்திருந்தார். சாப்பிடும்போது பேச்சுவாக்கில், தான் ஓட்டும் விமானத்தின் இறக்கையில் விரிசல் கண்டதாகவும், பழுது பார்ப்பவர்கள் கார்பன் இழைத் துண்டைப் பசை வைத்து ஒட்டிச் சரிசெய்துவிட்டதாகவும் சொன்னார்.

பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டேன். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவதுபோல் ஒட்டிய இறக்கையை நம்பியா இவர் வானத்தில் பறக்கிறார்?

“அந்த வேலையே நமக்கு வேண்டாங்க” என்று அழுதுவிட்டேன்.

அவர் வாதாடவில்லை. மறுநாள் காலையில், திருநெல்வேலியில் இன்ஜினீயரிங் கல்லூரியில் பாடம் நடத்தும் தன் நண்பரிடம் என்னை அழைத்துப் போனார்.

நண்பர் இரண்டு அலுமினியப் பட்டைகளை எடுத்து, இரண்டிலும் நடுவே ரம்பத்தால் கீறினார். ஒன்றை என்னிடம் தந்து உப்புத்தாளால் தேய்க்கச் சொன்னார். பளபளவென்று தேய்த்துக் கொடுத்தேன். அதன்மேல் தண்ணீர் ஊற்றினார். ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு நின்றது.

“அது உங்க விரல் பட்ட எடம், மதினி. இவ்வளவு எண்ணெய் இருந்தாலே பசை பிடிக்காது.”

விரல் படாமல் மறுபடி தேய்த்தேன். இந்த முறை தண்ணீர் கண்ணாடி விரித்ததுபோல் முழுக்கப் பரவியது. பிறகு அவர் அதைப் பசை நன்றாகப் பிடிப்பதற்கான மருந்துக் கரைசலில் முக்கியெடுத்து, கீறலை மூடி இரண்டு பக்கமும் இழைத் துண்டை ஒட்டி, பசை இறுகுவதற்காகச் சூட்டடுப்பில் வைத்தார். ஆணி அடித்துத் தகடு வைத்தால் என்ன என்று கேட்டேன். ஆணிக்குப் போடும் ஓட்டையே புது விரிசலுக்கு வழி வைத்துவிடுமாம்.

அடுத்த நாளும் போனோம். இழுத்துப் பார்க்கும் இயந்திரத்தில் முதலில் வெறும் பட்டையை மாட்டினார். இழுவிசையைக் காட்டும் முள் கொஞ்சம் ஏறியதுமே கீறலிலிருந்து கிழிந்துவிட்டது. அடுத்தது ஒட்டுப் போட்டது. முள் அந்த அளவைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. கணவரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். வெடித்ததுபோல் ஒரு சத்தம். பார்த்தால் ஒட்டு அப்படியே இருந்தது. அறுந்தது, கீறலே இல்லாத நல்ல பகுதி.

நண்பர் அறுந்த துண்டுகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்து, “இவ்வளவு தாங்கும்னு நானே நெனைக்கல லே” என்றார்.

பயம் அடியோடு போனது என்று சொல்ல மாட்டேன். ஆனால் லீவு முடிந்து அவர் ரயிலேறியபோது போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பல வருடம் பறந்து, நல்லபடியாக ஓய்வு பெற்று வந்தார். ஒருவர் வானத்தில் பறந்து திரும்ப, முகம் தெரியாத எத்தனை பேர் கீழே எவ்வளவு கவனமாக உழைக்கிறார்கள் என்ற வியப்பு மட்டும் எனக்கு இன்னும் அடங்கவில்லை.