சாப்பாட்டு ஜெபம்

கோமளா உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வருவதற்குள் எத்திராஜின் நெற்றியில் யாரோ விபூதியைப் பட்டையாகப் பூசி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டிருந்தார்கள். ஐஸ் பெட்டியின் கண்ணாடி வழியாக அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை நின்று எரிச்சல் வந்தது. புருஷன் செத்துக் கிடக்கிற வீட்டில் பொண்டாட்டிக்கு வரவேண்டியது எரிச்சல் இல்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் அவளுக்கு அதிகமாகக் கொடுத்தது அதைத்தான்.

"யாரு வெச்சது இது?"

சாமியானாவுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஜம்புலிங்கம் திரும்பாமலே சொன்னார். "நான்தான் வெச்சேன். என் தம்பிக்கு நான் வெக்காம எவன் வெப்பான்?"

ஜம்புலிங்கம் எத்திராஜின் அண்ணன். நூம்பல் அம்மன் கோயில் திருவிழாவை முன்னால் நின்று நடத்துகிறவர். தம்பி வேதக்காரனாகிப் போன நாளிலிருந்து இந்த வாசப்படியை மிதிக்காதவர். அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை தெருவில் எல்லா வீட்டுக்கும் வந்தது, இந்த வீட்டுக்கு மட்டும் வரவில்லை. இன்றைக்குக் காலையில் பெரியாஸ்பத்திரியிலிருந்து உடம்பு வந்து இறங்குவதற்கு முன்னாலேயே அவர் வந்துவிட்டார். மேளக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மூங்கில் வெட்டவும் பூ வாங்கவும் ஆள் அனுப்பிவிட்டார். செத்தபிறகு தம்பி அவருக்குத் தம்பியாகிவிட்டான்.

எத்திராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் தகடு அடிக்கிற பிரஸ் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன். குடிகாரன். குடித்துவிட்டுச் சொந்தக்காரன் ஒருத்தன் விடாமல் சண்டை போட்டு வைத்திருந்தவன். அதனால், மிஷினுக்குள் கை போய் வலது கையில் இரண்டு விரல் நசுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்க ஒரு நாதி இல்லை. கோமளா மாவாட்டி, புதிதாக வந்த ஃபிளாட்டுகளில் பாக்கெட் பாக்கெட்டாகப் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து மகன் விஷ்ணுவைக் கூட்டி வந்து பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்துவிடும். அந்த வார்டுக்குச் சாயந்திரமானால் அய்யாசாமி என்று ஒரு வாட்ச்மேன் வருவார். துணைக்கு ஆளில்லாத கட்டிலாகப் பார்த்து இட்லிப் பொட்டலம் வைப்பார். சிலருக்கு ஊட்டியும் விடுவார். "ஜெபம் பண்ணட்டுமா தம்பி" என்று கேட்பார். வேண்டாமென்றால் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். எத்திராஜ் முதலில் கெட்ட வார்த்தையில் திட்டினான். பிறகு இட்லியை மட்டும் வாங்கிக்கொண்டான். பிறகு எப்போதோ சரி என்றிருக்கிறான்.

குடி ஒரே நாளில் போய்விடவில்லை. ஞானஸ்நானம் எடுத்த பிறகும் சாலையோரம் விழுந்து கிடந்தான், கோமளாதான் தூக்கி வந்தாள். ஆனால் ஒருநாள் போயேவிட்டது. அதற்குச் சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், அந்த இடத்தில் ஏசு வந்து உட்கார்ந்துகொண்டார். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் ஏசு, மாவு வாங்க வருகிற பெண்ணிடம் ஏசு. டீக்கடையில் ஒருத்தன், எத்திராஜ் கொடுத்த ஏசு துண்டுத்தாளைக் கிழித்து எத்திராஜின் டீயிலேயே போட்டான். எத்திராஜ் தாளை எடுத்துப் போட்டுவிட்டு அந்த டீயைக் குடித்துவிட்டு வந்தான்.

"ஏன்யா, மானம் ரோசம் எதுவும் இல்லியா உனக்கு?" என்று கேட்டாள் கோமளா.

"காசு குட்த்து வாங்குன டீம்மே" என்றான் அவன்.

பட்டறை விட்டு வந்ததும் இட்லி கேட்பான். அவனுக்கில்லை, பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் கிடக்கிற யாருக்கோ. விற்கிற மாவு இது, தர்மத்துக்கு ஆட்டுகிற மாவு இல்லை என்று கத்துவாள். கத்திக்கொண்டே தட்டில் ஊற்றுவாள். துணி ஒட்டாமல் எடுத்து, சட்னியைத் தனியாகக் கட்டி, "எந்த எளவுக்கோ போய்க் குடு" என்று நீட்டுவாள்.

அதைவிட அவளுக்கு ஆகாதது அந்தச் சாப்பாட்டு ஜெபம். வேலையெல்லாம் முடித்து, பசியில் கண் இருட்ட, சுடச்சுடப் பரிமாறினால், அவன் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுப்பான். ரசம் ஆறும். அப்பளம் நமுத்துப் போகும். அவன் என்ன சொல்கிறான் என்று அவள் ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. ஆனால் இரண்டு வேளையும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளின் காதுக்குள் அது போகத்தானே செய்யும்.

ஒரு சமயம் அது நின்றுபோனது. டில்லிபாபு என்று பட்டறையில் கூட வேலை செய்த பையன், கிட்னி கெட்டுப் படுத்தான். எத்திராஜ் தினமும் போய் ஜெபம் பண்ணினான். சோறு தண்ணியில்லாமல் உபவாசமிருந்தான். நீ பிழைத்துக்கொள்வாய் என்று அவன் கையைப் பிடித்துச் சொல்லியும்விட்டான். டில்லிபாபு செத்துப்போனான். அவனுடைய அம்மா எத்திராஜின் சட்டையைப் பிடித்து, "சொன்னியேடா, சொன்னியேடா" என்று அடித்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தவன் கண்ணை மூடாமல் சாப்பிட்டான். மறுநாளும் அப்படியே.

கோமளாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். இல்லை. தட்டில் சோறு போட்டதும் அவன் கை நேராக வாய்க்குப் போவது வீட்டுக்குள் வேறு யாரோ வந்து உட்கார்ந்து தின்பதுபோல இருந்தது. கொஞ்சநாள் பொறுத்தாள். ஒருநாள் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாய்யா, உன் ஏசு ஊருக்குப் போய்ட்டாரா?"

"தெர்ல கோமு. கூப்ட்டா எடுக்கமாட்டேன்றாரு."

"நான் போன எடுக்கலன்னா எத்தினி வாட்டி அடிப்பே? எடுக்கற வரிக்கும் அடிச்சி என் உயிர வாங்குவ இல்ல? அவருக்கு மட்டும் இன்னா? மூடுய்யா கண்ண. சொல்லிட்டுத் துன்னு."

அவன் அவளையே பார்த்தான். பிறகு கண்ணை மூடினான். அன்றைக்கு முணுமுணுப்பு வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. அடுத்த நாள் முணுமுணுப்பும் வந்தது. ரசம் பழையபடி ஆறியது. இதெல்லாம் செய்தும் கோமளாவுக்கு நம்பிக்கை என்று ஒன்று வரவில்லை. நெற்றியில் குங்குமத்தோடுதான் இருந்தாள். ஆடி மாசம் கோயிலுக்குக் கூழ் கொண்டுபோனாள். அவனும் தடுக்கவில்லை.

போன வாரம் மூச்சு வாங்கிக்கொண்டு கட்டிலில் கிடந்தபோது சொன்னான். "அண்ணன் வந்து எல்லாம் பண்ணுவான். உடாத. மேளம் வாணாம், வாக்கரிசி வாணாம். ஒரே ஒரு ஜெபம் போதும்."

"செத்தப்புறம் உனுக்கு இன்னா தெரியப்போவுது?"

"எனுக்குத் தெரியாது. உனுக்குத் தெரியுமே."

"சரி சரி, வாய மூடிகினு படு" என்றாள். அவள் கொடுத்த வாக்கு அவ்வளவுதான். ஆனால் வாக்கு வாக்குதானே.

"விஷ்ணு, ஐஸ் பெட்டியத் தெற."

"அம்மா..."

"தெறன்றேன்."

விஷ்ணு கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்தவன். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மூடியைத் தூக்கினான். கோமளா முந்தானையால் எத்திராஜின் நெற்றியைத் துடைத்தாள். குங்குமம் இழுசியது. எச்சில் தொட்டு மறுபடி துடைத்தாள். குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல அழுத்தித் துடைத்தாள்.

ஜம்புலிங்கம் எழுந்து வந்தார். "ஏய், இன்னா பண்ற நீ? தாலிகூட இன்னும் எறக்கல, அதுக்குள்ள சாமி பொட்ட அழிக்கற?"

"என் ஊட்டுக்காரன் மூஞ்சி இது. நான் தொடைப்பேன்."

"ஊர் சுடுகாட்ல ஊர் மொறதான் கோமளா. சொல்லிட்டேன். இந்த அல்லேலூயா வேலையெல்லாம் அங்க நடக்காது. உங்க சபைக்குக் கல்லறை கீதா? எங்கனா கொண்டுபோய்ப் பொதச்சிக்கோ."

இல்லை என்று தெரிந்துதான் கேட்டார். அவர்களுடைய சபை, வேலப்பன்சாவடியில் வாடகைக்கு எடுத்த ஒரு தகரக் கொட்டகை. பெரிய சபைக்காரர்களின் கல்லறைத் தோட்டங்களில் அவரவர் ஆட்களுக்குத்தான் இடம். ஏசுவிலும் அந்த ஏசு வேறு, இந்த ஏசு வேறு.

"பாஸ்டர் வரட்டும், பேசிக்கலாம்" என்றாள்.

விஷ்ணு தலையைக் குனிந்துகொண்டான். "அவரு வரமாட்டாரும்மா. தெருமுனையில பசங்க வண்டிய நிறுத்தி உள்ள வந்தா நடக்கறதே வேறன்னு சொல்லியிருக்காங்க. திரும்பிப் போய்ட்டாரு. போன் பண்ணாரு. சிஸ்டர பிரச்சனை வேணாம்னு சொல்லுங்க, நாங்க இங்கருந்தே ஜெபிக்கிறோம்னாரு." கொஞ்சம் நிறுத்தி, "உட்டுடும்மா. பெரிப்பா சொல்றமாதிரி செஞ்சிடலாம். நைனாவுக்கு இப்ப இன்னா தெரியப்போவுது?" என்றான்.

அதே கேள்வி. அவளே கேட்டது. மகன் வாயிலிருந்து வந்தபோது அவளுக்கு எல்லார் மேலும் எரிச்சல் வந்தது. தெருமுனையில் நின்று மிரட்டிய தடியன்கள் மேல், வண்டியைத் திருப்பிக்கொண்டு போன பாஸ்டர் மேல், இந்த வழக்கையெல்லாம் அவள் தலையில் கட்டிவிட்டுப் பெட்டிக்குள் சில்லென்று படுத்திருக்கிறவன் மேல், கூப்பிட்டால் எடுக்காத அவன் ஆண்டவர் மேல்.

வாசப்படியில் குறுக்கே உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள்.

"மாமா, கேட்டுக்கோ. இவன் குடிச்சிட்டுச் சாக்கடையில கெடந்தப்போ உன் தம்பி எங்க கீறான்னு நீ தேடினியா? வெரல் போய்க் கெடந்தப்போ ஒரு வாய்த் தண்ணி குட்த்தியா? இவன் திருந்தி மனுசனா நின்னப்போதான் உனுக்கு இவன் சாதி கெட்டவனா ஆய்ட்டான். இன்னிக்கி விபூதி பூச வந்துட்ட. எனுக்கு அந்த ஏசு மேல நம்பிக்கை கெடையாது, தெரிஞ்சிக்கோ. ஆனா அவன் கேட்டான். நான் சரின்னேன். மேளம் அடிச்சிகினு இவன இந்தப் படியத் தாண்டி எடுத்தீங்கன்னா என்ன மிதிச்சிகினுதான் எடுக்கணும்."

மேளக்காரன் ஒருத்தன் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டான். ஜம்புலிங்கத்துக்கு முகம் கறுத்தது. "பொம்பள பேச்சக் கேட்டு..." என்று ஆரம்பித்தார்.

"ஜம்பு, போதும்டா" என்று ஒரு குரல் வந்தது. கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிற வேம்புலியம்மாள். ஆடியில் முதல் சாமி அவள் மேல்தான் வரும். இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து கைத்தடியில் நடக்கிறாள். "நான் ஆஸ்பத்திரில கெடந்தப்போ உங்க திருவிழாக் கமிட்டில எவன் வந்தான்? இவன்தான் இட்லி எடுத்துகினு வந்தான். ஏசு ஏசுன்னு பேசி என் பிராணனை வாங்குனான், அது வேற கதை. எனுக்கு எங்காத்தா கீறா, நீ இட்லிய வெச்சிட்டுக் கெளம்புடான்னு வெரட்டி உட்டேன். மறுநாளும் வந்தான் மானங்கெட்டவன். அந்த இட்லி இவ ஆட்டுன மாவு." தடியைத் தரையில் தட்டினாள். "மேளத்த மூட்ட கட்டச் சொல்லு. ஆத்தா ஒண்ணும் கோச்சிக்கமாட்டா. கோச்சிகினா எங்கிட்ட சொல்லுவா."

அம்மன் பேரைச் சொல்லி வந்தவரால் அவளிடம் எதிர்த்துப் பேச முடியவில்லை. பாஸ்டர் வரக்கூடாது, பாட்டு கூடாது, சிலுவை நடக்கூடாது, ஊர் சுடுகாட்டிலேயே கமுக்கமாகப் புதைத்துவிட்டு வரவேண்டும் என்றார். "நான் வரமாட்டேன்" என்று சொல்லி நாற்காலியை எட்டி உதைத்துவிட்டுப் போனார்.

விஷ்ணுவும் அவன் கூட்டாளிகளும் தூக்கினார்கள். கோமளா பின்னால் நடந்தாள். "பொம்பள சுடுகாட்டுக்குப் போறதா?" என்று தெருவில் யாரோ கேட்டார்கள். அவள் திரும்பவில்லை.

குழியில் இறக்கியாயிற்று. வெட்டியான் துலுக்கானம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். "சங்கு இல்ல, மேளம் இல்ல, நீங்க வேற சும்மா நிக்கிறீங்கோ. யாருனா எதுனா சொல்லுங்கோ. மண்ணு தள்ளணும்."

விஷ்ணு மண்ணைப் பார்த்தான். கோமளா கண்ணை மூடினாள். அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டுக்காக உமக்கு ஸ்தோத்திரம்..."

பின்னால் ஒருத்தன் சிரித்தான். விஷ்ணு அவள் காதருகே குனிந்தான். "அம்மா, அது சாப்பாட்டு ஜெபம்மா."

"தெரியுதுடா. எனுக்கு இதான் தெரியும். சும்மா நில்லு." மறுபடி கண்ணை மூடினாள். "...இல்லாதவங்களுக்கும் இதைக் கொடும். இதைச் சமைச்ச கையை ஆசீர்வதியும். அது ரொம்ப ஓஞ்சிபோன கை. அது கோவப்படறதை நீர் மனசுல வெக்காதேயும்..."

நின்றுவிட்டாள். இரண்டு வேளையும், இத்தனை வருஷமும், அவள் கரண்டியோடு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அவன் பேசிக்கொண்டிருந்தது அவளைப் பற்றித்தான். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். புளித்த மாவு ஊறி ஊறி வெளுத்துப்போன கை.

"யோவ்" என்றாள் குழியைப் பார்த்து. "இத மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கு இன்னா கேடு உனுக்கு?"

பிறகுதான் ஆமென் சொன்னாள். துலுக்கானம் மண்ணைத் தள்ளினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், மாவு போடுகிற வீடுகளுக்கெல்லாம் போட்டுவிட்டு, அதே பையோடு வேலப்பன்சாவடித் தகரக் கொட்டகைக்குள் நுழைந்தாள். பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். பாஸ்டர் கோகுல்நாத் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வந்தார். இளவயசு. முகம் வாடியிருந்தது.

"சிஸ்டர், உங்களுக்காக ஜெபிச்சிட்டே இருந்தோம்."

"எங்க? ஊட்ல உக்காந்துகினா?"

அவர் உட்காரச் சொல்லிப் பாயைக் காட்டினார்.

"எவனோ ஒருத்தன் என் ஊட்டுக்காரன் டீயில தாளப் போட்டப்பவும் எடுத்துப் போட்டுட்டுக் குடிச்சான். சட்டையப் புடிச்சி அடிச்சப்பவும் வாங்கிகினான். அவன் உங்க சபை ஆளு. நீங்க தெருமுனையோட திரும்பிட்டீங்க." அவள் குரல் தகரத்தில் பட்டுத் திரும்பியது. "உங்களுக்குப் பயமா இருந்தா சொல்லிடுங்க. அடுத்து இங்க யாரு செத்தாலும் எனுக்கு ஆள் அனுப்புங்க. நான் வரேன். எனுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு ஜெபம், அதுவும் சாப்பாட்டு ஜெபம். ஆனா பாதியில திரும்பமாட்டேன்."

பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். கோமளா அந்த இடத்தை முறைத்தாள். பாஸ்டர் இன்னும் பதில் சொல்லவில்லை. பதில் வாங்காமல் போவதாக அவளுக்கு உத்தேசமில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.