ஒப்புக்கொண்டவர்களும் நானும்

தடயவியல் உளவியல் என்பது, குற்றம் செய்தவர் ஏன் செய்தார் என்பதைப் பாதியும், செய்யாதவர் ஏன் ஒப்புக்கொண்டார் என்பதை மீதியுமாகப் படிக்கும் படிப்பு. இரண்டாம் பாதியைப் பற்றி என்னை யாரும் எச்சரிக்கவில்லை. ஓய்வூதியம் வாங்கும் வயதில் புத்தகப் பையைத் தூக்கிய என் சக துன்பப்படுவோருக்காக இதை எழுதுகிறேன்.

விண்ணப்பம்

தமிழ்வழியில் பயின்று, இடைநிலை ஆசிரியையாக முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ்வழியிலேயே கற்பித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றேன். குறை ஒன்றுதான், பட்டம் இல்லை. எனவே அஞ்சல்வழியில் உளவியல் இளங்கலையில் சேர்ந்தேன். அதில் தடயவியல் உளவியலைச் சிறப்புப் பாடமாகத் தேர்ந்தெடுத்தேன். வகுப்பறைத் திருட்டுகளைக் கண்டுபிடிப்பதில் எனக்கு இணையில்லை என்று பணியாற்றிய ஊர்களிலெல்லாம் பெயர் எடுத்திருந்தேன்.

கணபதியிலுள்ள வீட்டிலிருந்து பேருந்தேறிப் பல்கலைக்கழகம் சென்று, ஒரு சொல்லும் அடிக்காமல் திருத்தமாக நிரப்பிய படிவத்தை நீட்டினேன். எழுத்தர் அதைப் பார்க்கவேயில்லை. என்னைத்தான் பார்த்தார். "ஏனுங்கம்மா, சீட்டு பொண்ணுக்குங்களா, பேத்திக்குங்களா?"

நாற்பது பக்கம்

பாடநூல் ஆங்கிலத்தில் இருந்தது. அகராதியின் துணையோடு வாரத்துக்கு நான்கு பக்கம் நகர்ந்தேன். சனி, ஞாயிறு நேர்முக வகுப்புகளில் என் பக்கத்து இருக்கை இராமசாமிக்கு. அவர் பதவி உயர்வுக்காகப் பட்டம் தேடித் தாராபுரத்திலிருந்து வரும் தலைமைக் காவலர். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் மனநிலை பற்றி மட்டும் நாற்பது பக்கம் இருந்தது கண்டு அவர் மலைத்தார். "இதுக்குப் போயி நாப்பது பக்கமுங்களா டீச்சர்? நாங்க ரெண்டே கேள்வியில முடிச்சுப்போடுவோமுங்க."

எனக்குப் பார்வையே போதும், கேள்வி பெரும்பாலும் தேவைப்பட்டதில்லை என்றேன். அவர் சொன்ன மறுமொழியை அன்று பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். "அப்ப நீங்க எங்க இன்ஸ்பெக்டருக்கு மேலீங்க!"

எழுந்து நின்று சொன்னது

களைப்பு, அதிகாரத்தின் மீதான அச்சம், வீட்டுக்குப் போனால் போதும் என்ற தவிப்பு ஆகிய மூன்றும் கூடினால் செய்யாதவரும் ஒப்புக்கொள்வார் என்று விரிவுரையாளர் கூறினார். அவருக்கு என் மகளின் வயதுகூட இராது. நான் மறுப்புத் தெரிவிக்க எழுந்தேன்.

வெள்ளகோவிலில் ஏழாம் வகுப்பு எடுத்தபோது, விளையாட்டு நேரத்தில் ஒரு மாணவி கழற்றி வைத்த வெள்ளிக் கொலுசு காணாமற் போனது. கதவைச் சாத்தி, அனைவரையும் நிற்க வைத்து, உண்மை வெளிவரும் வரை ஒருவரும் வீடு திரும்ப இயலாது என்று அறிவித்தேன். தலை குனிந்தவள் சரஸ்வதி. அரை மணி நேரத்தில் ஒப்புக்கொண்டாள். மறுநாள் முதல் அவள் பள்ளிக்கு வரவில்லை. அதுவே அவள் குற்றத்துக்குச் சான்று என்று முடித்தேன். வகுப்பே வியந்து கேட்டது. விரிவுரையாளர் மட்டும் மிகுந்த மரியாதையோடு வினவினார். "கொலுசு கெடைச்சுதுங்களா டீச்சர்?"

பத்து நிமிடம்

கிடைக்கவில்லை. 'கிணற்றில் போட்டாயா?' என்று கேட்டவள் நான். 'ஆமாங்க டீச்சர்' என்றாள் சரஸ்வதி. கிணற்றில் ஆளிறக்கித் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

அடுத்த வாரம் செய்முறைப் பயிற்சி. இராமசாமி, குற்றமே செய்யாத ஒருவராக நடிக்க வேண்டும். நான் விசாரிக்க வேண்டும். விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கலாகாது என்பது விதி. நெறி தவறாமல் கேட்பதாகவே எண்ணினேன். பத்தாம் நிமிடத்தில், இருபது ஆண்டு காவல் பணி புரிந்த அந்த மனிதர் கைகளைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். "நாந்தானுங்க டீச்சர் எடுத்தேன், உட்டுருங்க. தாராபுரம் பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க."

திறந்த கேள்வி

தேர்வுக்கு முன் வெள்ளகோவில் சென்றேன். அவள் எடுக்கவில்லையெனில் மன்னிப்புக் கேட்க வேண்டும். எடுத்தாளெனில் நான் நிம்மதியாக உறங்கலாம். இரண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

சரஸ்வதி ஒரு தறிக்கூடத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "டீச்சருங்களா! வாங்க, வாங்க" என்று முந்தானையால் முக்காலியைத் துடைத்துப் போட்டாள். தான் உட்கார மறுத்துவிட்டாள். காப்பி வரவழைத்தாள். ஏழாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றுபோன பேச்சை நான்தான் எடுத்தேன், அவள் சிரித்தாள்.

பயின்ற முறைப்படியே கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. விடை எதையும் உள்ளே வைக்கவில்லை. "அன்று கொலுசு விஷயத்தில் என்ன நடந்தது, சரஸ்வதி? உனக்கு நினைவிருப்பதை அப்படியே சொல்."

அவள் சிரிப்பு நின்றது. தலை குனிந்தது. என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, மெல்லக் கேட்டாள். "எதைச் சொன்னா உங்களுக்குத் தேவலீங்க டீச்சர்? அதையே சொல்லிப்போடறேனுங்க."

பட்டம் வந்துவிட்டது, கேள்வியைப் பிழையின்றிக் கேட்கவும் கற்றுவிட்டேன். என்னிடம் உண்மையைச் சொல்லத் துணியும் ஒரு மாணவியைத்தான் முப்பத்து மூன்று ஆண்டுகளில் நான் உருவாக்கத் தவறிவிட்டேன்.