பென்சிலில் எழுதிய அர்த்தங்கள்

ரப்பரைத் தாளில் விடாமல் தேய்த்தால் லேசாகச் சூடாகி ஒரு வாசனை வரும். ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள், மைசூரில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்க அந்த வாசனைதான். மேல் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் பாடப்புத்தகங்களில் கிறுக்கியதை அழித்து, கிழிந்ததை ஒட்டி, பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, அடுத்து அந்த வகுப்புக்கு வரும் பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும். நோட்டில் எழுதாமல் மிஞ்சிய தாள்களையும் அம்மா விடமாட்டாள்; பிரித்தெடுத்து, நாங்கள் "ரட்டு" என்று சொல்லும் கெட்டி அட்டைக்குள் வைத்துத் தைத்து "ரஃப் நோட்டு" ஆக்கிவிடுவாள். "புஸ்தகம் நம்முது இல்லடி, ஒரு வருஷம் நம்ம கிட்ட இருக்கு, அவ்ளோதான்" என்பாள். புதுப் புத்தகத்துக்கு நான் ஏங்கியதே இல்லை என்றால் அது பொய். ஆனால் அந்த ஏக்கம் ஜூன் முதல் வாரத்தைத் தாண்டாது.

எங்கள் வீடுகளில் தமிழ், பள்ளியில் கன்னடம். அதனால் குவார்ட்டர்ஸ் தமிழ்ப் பிள்ளைகளிடம் கைமாறி வந்த ஆறாம் வகுப்புக் கன்னடப் புத்தகத்தில், கடினமான சொற்களுக்கு மேலே பென்சிலில் தமிழ் அர்த்தம் இருக்கும். "அளலு" என்பதன் மேல் துக்கம், "பெரகு" என்பதன் மேல் ஆச்சரியம். மற்றக் கிறுக்கலை அழிப்பவர்களும் அதை மட்டும் விட்டுவைப்பார்கள்; எத்தனை பேர் கையெழுத்தோ தெரியாது. அந்தப் புண்ணியத்தில்தான் நான் ஆறாவது தேறினேன், அதுவும் தட்டுத்தடுமாறி.

எனக்கு அடுத்து அது செல்விக்கு என்று முடிவாகியிருந்தது. மேட்டூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம். பாதி வருஷத்தில் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தவளுக்குக் கன்னடத்தில் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஜூனில் கன்னடத்தில் ஒரு பரீட்சை, தேறாவிட்டால் மறுபடி ஐந்தாவது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் படிப்பே வேண்டாம், சித்தாள் வேலைக்கு வரட்டும் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். மார்ச்சில் என் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "இது இருந்தா போதுங்க்கா, படிச்சுக்குவேன்" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளுக்குப் புத்தம் புதிதுபோல் கொடுக்க வேண்டும் என்ற வேகத்தில், "கிறுக்கினதெல்லாம் அழிச்சுட்டுக் குடு" என்று அம்மா சொன்னதைச் சிரமேற்கொண்டு, இரண்டு நாள் கை வலிக்க உட்கார்ந்து ஒரு எழுத்து விடாமல் அழித்தேன். பெருமையாக நீட்டினேன். செல்வி பக்கம் பக்கமாகத் திருப்பினாள்.

"அக்கா, இதுல சின்னச் சின்னதா தமிழ்ல எழுதியிருந்துச்சே, அதெல்லாம் எங்கீங்க்கா?"

வீட்டுக்கு ஓடிப்போய் அழுதேன். அம்மா திட்டவில்லை. "சும்னே அழுதுண்டு இருந்தா எழுத்து வருமா? ரெண்டு பேரும் உக்காந்து திரும்ப எழுதுங்க" என்றாள்.

அழுத்தி எழுதியவர்களின் அர்த்தங்கள் தாளில் தடமாகத் தங்கியிருந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாதியைப் படித்துவிட்டோம். மீதிக்கு எதிர் வீட்டு சாவித்ரம்மாவிடம் போனோம். அவருக்குத் தமிழ் வராது. "பெரகு" என்றால் கண்ணை உருட்டிக் கன்னத்தில் கை வைத்துக் காட்டுவார். "அளலு" என்றால் முந்தானையால் மூக்கைத் துடைப்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம், அவரும் சிரிப்பார். செல்வி சொல்லோடு நிற்காமல் சாவித்ரம்மாவின் பேச்சையும் பிடித்துக்கொண்டாள். மே முடிவதற்குள் காய் வண்டிக்காரரிடம் கன்னடத்தில் பேரம் பேசத் தொடங்கிவிட்டாள். விடுமுறை முழுவதும் அப்படியே போனது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான தண்டனை வேறு கிடைத்ததில்லை.

ஜூனில் அவள் தேறினாள். அந்த ஆண்டு முடிவில், கன்னடத்தில் நான் ஆறாவதில் வாங்கியதைவிட அதிகமாகவே மார்க் வாங்கினாள். கொஞ்சம் பொறாமைப்பட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பாடத்திட்டம் மாறி எவ்வளவோ காலமாகிறது. என் மகளின் புத்தகங்களில் பாதிப் பக்கம் கோடிட்ட இடம். பேனாவால் அதிலேயே நிரப்பச் சொல்கிறார்கள். வருஷக் கடைசியில் பழைய பேப்பர்க்காரரைத் தவிர வேறு யாருக்கும் அவற்றால் பயன் இல்லை. அடுத்த வகுப்புக் குழந்தை யார், எந்த வீடு என்பதும் எங்களுக்குத் தெரியாது.

மகளுக்குக் கன்னடத்தில் சந்தேகம் வந்தால் நான் செல்விக்குத்தான் போன் செய்கிறேன். இதே ஊரில் குடும்பத்தோடு இருக்கிறாள். பத்து வார்த்தை பேசினால் ஆறு கன்னடம். போன வாரமும் ஒரு பழைய செய்யுளுக்கு வரிவரியாக அர்த்தம் சொல்லிவிட்டு, "அக்கா, பாப்பாவ புஸ்தகத்துலயே பென்சில்ல எழுதி வெச்சுக்கச் சொல்லுங்க. அடுத்த வருஷம் யாருக்காச்சும் ஆகுமில்ல" என்றாள்.

அந்தப் புத்தகம் அடுத்த வருஷம் யாரிடமும் போகாது என்று அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகளை எழுதச் சொன்னேன்.