பிசிறு வழிக்காத கொம்பு

ஜோத்தம் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஆனாலும் பிரெஞ்சுக்காரனோடு சண்டைக்குப் போன எங்கள் படையின் ஏரிக்கரை முகாமில் அவன் கூடாரத்து வாசலில்தான் எப்போதும் கூட்டம். ஒரு மாட்டுக் கொம்பைக் கொடுத்தால் போதும், துப்பாக்கி மருந்து வைத்துத் தோளில் மாட்டிக்கொள்ளும் குடுவையாக்கிவிடுவான். கொதிக்கவைத்து, உள்ளே இருப்பதைச் சுரண்டி எறிந்து, அடிவாய்க்குப் பைன் கட்டை அடைத்து, வெளிப்புறத்தைக் கண்ணாடிச் சில்லால் இழைத்துக்கொண்டே இருப்பான். வெயிலில் தூக்கிப் பிடித்தால் உள்ளே வெடிமருந்து எதுவரை இருக்கிறது என்று தெரியவேண்டும், அவ்வளவு மெலிசு. அப்புறம் கத்திமுனையால் படம் கீறுவான். ஆறு, கோட்டை, மான், கொம்புக்கு உடையவன் பெயர். கீறலின் ஓரத்தில் எழும் பிசிறை வழித்துவிட்டு, கொழுப்பில் குழைத்த புகைக்கரியைத் தேய்த்துத் துடைத்தால் கறுப்புக் கோடு மட்டும் நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

ஆனால் பிடிவாதக்காரன். கண்ணால் பார்க்காததைக் கீறமாட்டான். பிரெஞ்சுக்காரன் கோட்டையைத் தாக்கப் புறப்படும் முன்பே, அதன்மேல் நம் கொடி பறப்பதாகக் கொம்பில் கீறிக்கொண்ட சூரர்கள் எங்களில் ஏராளம். அவர்கள் எல்லாரும் வேறு ஆளைத்தான் தேடிப் போனார்கள். தோற்று ஓடிவந்தபிறகு அந்தக் கொடிகளைச் சுரண்டி எடுக்க அவர்கள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே.

என் தங்கை டார்கஸின் கணவன் லெமுவேலும் அவனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். லெமுவேல் முந்தின வருஷம் படைக்குப் புறப்பட்ட பிறகு ஊரில் பெண் பிறந்திருந்தாள். கெசியா என்று பெயர் வைத்திருப்பதாகச் சேதி வந்தது. வீட்டையும் பிள்ளையையும் தன் கொம்பில் கீறித் தரவேண்டும் என்பதுதான் கெஞ்சல்.

"நான் பாக்காத புள்ளைய எப்படிடா கீறுவேன்?"

"நானே பாக்காத புள்ளைன்னுதானேடா கேக்குறேன்."

அதற்கும் ஜோத்தம் மசியவில்லை. ஆற்றையும் பெயரையும் மட்டும் கீறிக் கொடுத்துவிட்டான்.

தாக்குதலன்று கோட்டை மதிலுக்கு முன்னால் லெமுவேலுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவன், சூடு ஆறாத துப்பாக்கிக் குழலில் கொம்போடு சாய்த்து மருந்தைக் கொட்டினான். அளவுக்குப்பியில் எடுத்துத்தான் கொட்டவேண்டும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். பயத்தில் எல்லாம் மறந்துபோகும். குழலின் சூட்டில் மருந்து பற்றிக் கொம்பே வெடித்து அவன் அங்கேயே செத்தான். லெமுவேலுக்கு முகம் வெந்து இரண்டு கண்ணும் போயின.

நானும் ஜோத்தமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஊருக்கு அழைத்து வந்தோம். வழியெல்லாம் ஒரே பேச்சுதான், "புள்ள மூஞ்சிய ஒரு தடவகூடப் பாக்கலியே மச்சான்." வீட்டுக்கு வந்தால் அதைவிடக் கொடுமை. வெந்த முகத்தைப் பார்த்து கெசியா வீறிட்டாள். டார்கஸ் எவ்வளவு தாஜா பண்ணியும் அப்பன் மடிக்குப் போகவில்லை. தொட்டுப் பார்க்க நீட்டிய கையை லெமுவேல் மெதுவாக இழுத்துக்கொண்டான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ஜோத்தம் லெமுவேலின் தோளிலிருந்த கொம்பைக் கழற்றிக்கொண்டு போய் விறகுக்கட்டைமேல் உட்கார்ந்தான். வீட்டையும் வாசலில் நின்ற பிள்ளையையும் பார்ப்பதும் கீறுவதுமாக இருந்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கண்ணு போனவனுக்குப் படம் கீறித் தர்றியா? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

அவன் நிமிரக்கூட இல்லை. ஆழமாக வெட்டினால் அந்த மெலிசில் ஓட்டை விழுந்துவிடும். அதனால் பட்டும் படாமலும் கீறினான். கரி பூசவில்லை. பிசிறையும் வழிக்கவில்லை. நான் ஏதோ வேலையை அரைகுறையாக விட்டுவிட்டான் என்று நினைத்தேன். கொம்பை லெமுவேல் கையில் கொடுத்து, அவன் விரலைப் பிடித்துப் பிசிறின்மேல் வைத்தான். விரல் ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது.

"கதவு திறந்திருக்கு," என்றான் லெமுவேல். "யாரோ நிக்குறாங்க. குட்டியா."

"கெசியா. அம்மா பாவாடையப் புடிச்சிக்கிட்டு நிக்குறா," என்றான் ஜோத்தம்.

லெமுவேல் கொம்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதான்.

ஓயாமல் தடவினால் பிசிறு எத்தனை நாள் தாங்கும்? பனிக்காலம் முடிவதற்குள் வழவழத்துவிட்டது. அடுத்த அறுவடை முடிந்ததும், யாரும் கூப்பிடாமலே ஜோத்தம் தன் ஊரிலிருந்து நடந்து வந்தான். பிள்ளையை நிற்கவைத்துப் பார்த்து, பழைய உருவத்தை இழைத்துவிட்டுப் புதிதாகக் கீறினான். டார்கஸ் வைத்த சோளரொட்டியையும் பன்றிக்கறியையும் தின்றுவிட்டுப் போய்விட்டான். அதிலிருந்து வருஷம் தவறாமல் வந்தான். கெசியாவுக்குப் பயம் தெளிந்து அப்பன் தோளைக் கட்டிக்கொள்ளத் தொடங்கிய பிறகும் வந்தான்.

ஒரு வருஷம் லெமுவேல் வழக்கம்போலத் தடவிக்கொண்டே வந்தவன், கீழே ஓரிடத்தில் விரலை நிறுத்தினான். திரும்பத் திரும்ப அதே இடத்தைத் தொட்டான்.

"டார்கஸ், புள்ளைக்குப் பாவாடைய இறக்கித் தச்சுக் குடு. கணுக்கால் தெரியுது."

நாங்கள் எல்லாரும் திரும்பி கெசியாவைப் பார்த்தோம். ஆமாம், தெரிந்தது.