எங்கள் ஊரில் இதற்குப் பெயர் வெயில்

கோத்தகிரியில் தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். வேலையை விட்டுவிட்டு நாமக்கல் பக்கம் மனைவியின் ஊரில் குடியேறுவது என்று முடிவானதும் ஸ்வெட்டர், கம்பளி, குல்லா எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டேன்.

“ஒண்ணு ரெண்டாவது இருக்கட்டுமுங்க” என்றாள் மனைவி.

“நாமக்கல்லுல ஸ்வெட்டரா? கோழிக்கே வேர்த்து ஊத்துற ஊரு” என்றேன். கோழிக்கு வேர்க்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மார்கழி பிறந்ததும் ஊரே காதை மூடிக்கொண்டது. டீக்கடையில் மஃப்ளரைக் கீழே இறக்கி ஒரு வாய் டீ, மறுபடி மேலே ஏற்றி ஒரு பெருமூச்சு. நான் அரைக்கை பனியனோடு போய் நடுவில் உட்கார்ந்தேன். “இதெல்லாம் ஒரு குளிரா? எங்க ஊர்ல இதுக்குப் பேரு வெயில்.” சிரித்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். மார்கழி முழுக்கப் பச்சைத்தண்ணியில்தான் குளிப்பேன் என்றும் சொல்லிவிட்டேன். கூடவே இருந்த என் மனைவியின் தம்பி, கோழிப்பண்ணைக்காரர், அதை ஊரெல்லாம் பரப்பினார். “எங்க மாமா ஐஸ்ல பொறந்தவருங்க.”

கோத்தகிரியில் குளிர் வீட்டுக்கு வெளியே நிற்கும். நாமக்கல் வீடு வெயிலுக்குப் பயந்து கட்டியது. சுவருக்குச் சுவர் ஜன்னல், தரையெல்லாம் டைல்ஸ். மொட்டைமாடி டேங்க் தண்ணீர் முதல் சொம்பு விழுந்ததும் என்னிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பக்தியில் பாடுகிறேன் என்று அக்கம்பக்கத்தில் நினைத்திருந்தால் நல்லது. ஆனால் குளிருகிறது என்று வாயைத் திறந்தால் டீக்கடையில் என் கதை முடிந்தது.

அந்த நேரம் பார்த்து மைத்துனர் பண்ணையில் புதுக் கோழிக்குஞ்சுகள் வந்து இறங்கின. உமி பரப்பி, சுற்றிலும் தகடு கட்டி, மேலே சூட்டுக்கு வரிசையாகப் பல்பு தொங்கவிட்டு, அடியில் பஞ்சுருண்டை மாதிரி குஞ்சுகள். அடடா, என்ன கதகதப்பு! தினமும் குளித்த கையோடு “நடந்துட்டு வர்றேன்” என்று கிளம்புவேன். பண்ணை வாசலில் கிருமி போக வைத்திருக்கும் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு, நேராகப் பல்புக்கு அடியில் போய் உட்காருவேன். குஞ்சுகளும் என்னை ஒரு பெரிய, பிரயோஜனமில்லாத தாயாக ஏற்றுக்கொண்டன.

ஒருநாள் விடிகாலையில் பனி அதிகம். பல்புகளை நாலு விரற்கடை கீழே இறக்கினேன். சுகமாக இருந்தது. சாய்ந்தவன் தூங்கிவிட்டேன்.

“ஏனுங் மாமா!”

கண்ணைத் திறந்தால் மைத்துனர். குரங்குக் குல்லாவுக்குள் முகம் மட்டும் தெரிந்தது.

“குஞ்செல்லாம் தகட்டோரம் போயி வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. பல்ப யாருங் எறக்குனது?”

“குஞ்சுக்குக் குளிருமேன்னு…”

“குஞ்சுக்குக் குளுந்துச்சுன்னா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் படுத்துக்குமுங். இப்பப் பல்புக்கடியில படுத்திருக்கறது நீங்க ஒருத்தருதான்.”

முதலில் பல்புகளை மேலே ஏற்றினார். பிறகு போனை எடுத்தார். டீக்கடைக்குத்தான் தகவல் போகிறது என்று நினைத்தேன். அவர் அக்காவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

“அக்கா, மாமா இங்க ஷெட்டுல இருக்கறாரு. காலைல காலைல வந்து குஞ்சுகளப் பாத்துக்கறாராமா. பெரிய மனசு.”

என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். நன்றியோடு அவரைப் பார்த்தேன்.

“குஞ்சு பாக்கறது கெடக்குது. அவருக்குக் குளுருதான்னு கேளு.”

மைத்துனர் போனை என் பக்கம் நீட்டினார். தகட்டோரம் இருந்த குஞ்சுகள் ஒவ்வொன்றாக என் காலடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

“ஆமா, குளிருது. சுடுதண்ணி வெய்யி.”

“மார்கழி பொறந்ததுல இருந்து தெனமும் வெக்கறனுங்க. நீங்க கேப்பீங்க கேப்பீங்கன்னு பாத்து, ஆறிப்போன தண்ணியில பாத்திரம் கழுவறேன்.”

மைத்துனர் குல்லாவைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுச் சிரித்தார். ஸ்பீக்கரில் அவளும் சிரித்தாள். நான் வீட்டுக்குப் போய் ஆசை தீரக் குளித்துவிட்டு வருவதற்குள் டீக்கடைக்கு விஷயம் போய்விட்டது. அங்கே போனபோது எத்தனை பேர் சிரித்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. மைத்துனரின் குரங்குக் குல்லா எனக்குக் கொஞ்சம் பெரிது, கண்ணையும் சேர்த்து மூடிவிட்டது.