மருந்துக் கொம்பின் ஏழு விசேஷங்கள்

என் தங்கையின் கணவர் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் யூனிட் வைத்திருந்தார். எட்டு மெஷின்கள், சரக்கை வாங்க ஒரே ஒரு வெளிநாட்டு பையர். முந்தைய ஷிப்மெண்ட் துவைத்ததும் சுருங்கிவிட்டது என்று அந்த பையர் கோபத்தில் இருந்தார். அடுத்த ஆர்டர் வராவிட்டால் எட்டு மெஷினும் நிற்கும். எனக்கு ஏற்கெனவே தூக்கம் குறைவு. இதில் இன்னும் குறைந்தது.

அந்த பையர் பழைய வெடிமருந்துக் கொம்புகளைச் சேர்ப்பவர். குழலில் மருந்தை இடித்துச் சுடும் துப்பாக்கிகள் இருந்த நாளில், மருந்தை மாட்டுக் கொம்பில் அடைத்து இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். தாராபுரத்துப் பக்கம் எங்கள் தோட்டத்தில் காட்டுப்பன்றி விரட்டிய காலத்துக் கொம்பு ஒன்று என்னிடம் இருந்தது. துப்பாக்கியை எப்போதோ அரசாங்கத்திடம் ஒப்படைத்தாயிற்று. கொம்பை யாரும் கேட்கவில்லை.

"அதக் குடுத்தா அந்தாளு மனசு எளகுமுங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

நான் வரலாற்று ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பூதக்கண்ணாடியுடன் உட்கார்ந்து பார்த்ததில் ஏழு விசேஷங்கள் கிடைத்தன. இடுப்பில் உரசி ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. வளைவின் உட்புறத்தில் பதினான்கு வெட்டுக் கோடுகள் இருந்தன. விழுந்த பன்றிகளின் கணக்காக இருக்கலாம். உள்ளே மருந்து எவ்வளவு என்று வெளிச்சத்தில் பார்க்க, ஓரிடத்தில் கண்ணாடிபோலச் சுரண்டியிருந்தார்கள். நுனி எட்டுப் பட்டையாக இருந்தது. தோல்வார் அறுத்த பள்ளம் ஒன்று, பொறி பட்டுக் கருகிய புள்ளி ஒன்று. கொம்பின் அகன்ற வாயை மூடிய அடிப்பலகையை இறுக்கிய ஆணிகள் ஆறில் ஐந்து பித்தளை, ஒன்று மரம். ஏழையும் ஆங்கிலத்தில் எழுதி பேக்ஸ் அனுப்பினோம். தை மாதம் வருவதாகப் பதில் வந்தது. பொங்கலுக்கு முன்பே கொம்பை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன். அங்கேதான் பிசகியது.

பையர் வரும் நாள் காலையில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். மேசைமேல் ஒரு கொம்பு இருந்தது. சிவப்பும் பச்சையுமாகப் பெயிண்ட், நுனியில் பித்தளைக் குப்பி, குப்பியில் சலங்கை.

"இது என்னங்க மாப்ள?"

"நம்ம கொம்புதானுங்க. மாட்டுப் பொங்கலுக்குக் காளைக்குக் கொம்பு சீவ ஆளு வந்திருந்தானுங்க. அப்பிடியே இதையும் சீவிரச் சொன்னனுங்க."

"சீவியாச்சா?"

"வழவழன்னு. ஒரு கோடு இல்லீங்க. தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். இல்லைதான்.

"அழுக்குக் கொம்பத் தூக்கி விருந்தாளி கையில குடுக்கறதா? நம்மூரு மரியாத என்னாகுமுங்க?"

"மரியாதைக்குச் சலங்கை வேறயா?"

"அது உங்க தங்கச்சி யோசனைங்க" என்றார். முறுக்குத் தட்டுடன் வந்த தங்கை உடனே உள்ளே திரும்பிவிட்டாள்.

பையர் பதினொரு மணிக்கு வந்தார். சாப்பிட்டு முடித்ததும் என் பேக்ஸை எடுத்து விரித்து, கொம்பைக் கையில் வாங்கினார். சலங்கை ஒலித்தது. அவர் ஒவ்வொன்றாகப் படிக்க, நான் அது இருந்த இடத்தைக் காட்டினேன். ஆறு முறை காட்டினேன். ஏழாவதாக ஆணிகள். நகத்தால் பெயிண்டைச் சுரண்டி எண்ணினார். ஐந்து பித்தளை, ஒன்று மரம். கொம்பை இரண்டு கையாலும் மேசைமேல் வைத்துவிட்டு மெதுவாகப் பேசினார்.

"என்ன சொல்றாருங்க?" என்றார் மாப்பிள்ளை.

"பிற்பாடு யாரும் கை வைத்துப் புதுசாக்காத கொம்பைத்தான் சேர்ப்பாராம். இது வேண்டாமாம்."

"ஆர்டருங்க?"

அதைக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. பையரே பையைத் திறந்து, ஒரு காகிதத்தைப் பார்த்து, அதை அப்படியே உள்ளே வைத்தார். பிறகு பாதி ஆர்டர் தருவதாகவும், துணியை முதலில் துவைத்துக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

கார் வரை கூடப் போனேன். ஆர்டர் இல்லை என்று சொல்லவே வந்ததாக அங்கே என்னிடம் ஒப்புக்கொண்டார். ஆனால் சோறு போட்ட வீட்டில் ஒரே நாளில் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லையாம். இருந்த ஒரு முறையைக் கொம்புக்குச் செலவழித்துவிட்டாராம்.

திரும்பி வந்து இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

"அப்பப் பெயிண்டு அடிச்சதுதானுங்க மச்சான் வேல செஞ்சிருக்குது" என்றார்.

நான்கு மெஷின்கள் ஓடும். மற்ற நான்கைப் பற்றி யோசித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.