லைன் அம்பயர் எடுத்த சேவல்

ராஜபாளையம் நேசையனுக்குத் தொழில்முறை டென்னிஸ் போட்டிகளில் கோட்டோரம் நின்று, பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று சொல்லும் வேலை. ஆட்டக்காரர்களின் முகத்தை வருஷக்கணக்காகப் பக்கத்திலிருந்து பார்த்ததில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். நெருக்கடி வந்தால் கத்துகிறவன் ஒரு ரகம், வாயை மூடிக்கொள்கிறவன் இன்னொரு ரகம். கத்துகிறவன் தோற்பான். தான் எந்த ரகம் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

போன அறுப்பின் பண்டிகைக்கு, விடியும் முன்பே கூவி உயிரை வாங்கிய வீட்டுச் சேவலைச் சர்ச்சுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தார். காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். ஒரு சேவலுக்கு விலை கேட்ட மம்சாபுரம் ரிச்சர்ட், முடிந்தால் மேலே கேள் என்பதுபோல் இவரைப் பார்த்துச் சிரித்தார். நேசையன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். தொண்டை கிழியக் கத்திக் கத்தி விலையை ஏற்றினார். ரிச்சர்ட் பேசாமல் ஒதுங்கிக்கொண்டார்.

கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அது அவர் கொடுத்த அதே சேவல்.

மனைவி தேவகிருபை பையை விரித்துப் பிடித்தாள். "தெருவையே எழுப்புற சேவலு, இன்னைக்கு அம்புட்டுச் சத்தத்துலயும் வாயத் தொறக்கல, பாத்தியளா? ஒங்க கணக்குப்படி ஜெயிச்சது அதுதான்."